வளர்கிற பிள்ளை

"வளர்கிற பிள்ளை, கொஞ்சம் தாராளமாகவே தைத்துவிடுங்கள்!"

தீபாவளிக்கு முன்னால் தையற்கடை வாசலில் நின்று இந்த வாக்கியத்தைச் சொல்லாத தகப்பனாரை நான் பார்த்ததில்லை. என் தகப்பனார் சொன்னார். அவருடைய தகப்பனாரும் சொல்லியிருப்பார். நானும் என் பிள்ளைக்காகச் சொல்லியிருக்கிறேன். அதன் பலனாகத் தீபாவளியன்று காலையில் புதுச் சட்டையோடு நிற்கும் பையனுக்குத் தோள் தையல் முழங்கைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அரைக்கால் சட்டை முக்கால் சட்டையாக இருக்கும். "அடுத்த வருஷம் சரியாகிவிடும்" என்பார்கள். அடுத்த வருஷம் அளவு சரியாக வருகிற சமயத்தில் சட்டை கிழிந்து போயிருக்கும். அளவான சட்டை என்பதையே அறியாமல் நம்மில் பல பேர் வளர்ந்து ஆளாகிவிட்டோம். அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை.

சட்டை விஷயத்தில் இதைச் சிக்கனம் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இதே புத்தியோடு ஒருவன் தன் ஏழு வயதுப் பிள்ளைக்கு எஞ்சின் வைத்த வண்டி ஒன்றைச் சொந்தமாக வாங்கிக் கொடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். அவன் எனக்கு நெருங்கிய உறவு. அதனால் இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று சில நாள் யோசித்தேன். நெருங்கிய உறவு என்பதனாலேயே எழுதத்தான் வேண்டும் என்று முடிவுக்கு வந்தேன். ஊரான் பிள்ளைக்குச் சொல்லத் துணிகிற புத்தியை வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லாமல் விழுங்குவது எழுத்தாளனுக்கு அழகில்லை.

என் அக்காவின் மகன் கனடாவில் இருக்கிறான். டொராண்டோவுக்கு வடக்கே சிம்கோ ஏரிக்கரைப் பக்கம், ஊரை விட்டுச் சற்று ஒதுங்கி, ஒரு ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கியிருக்கிறான். 2025 ஜனவரியில் அங்கே போய் இரண்டு மாதம் தங்கினேன். ஜன்னலுக்கு வெளியே எங்கே பார்த்தாலும் வெள்ளை வெளேரென்று பனி. ஏரியே கல்லாக உறைந்து கிடந்தது. அதன்மேல் சின்னஞ்சிறு குடிசைகளைப் போட்டுக்கொண்டு, துளை போட்டு, மனிதர்கள் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரின்மேல் நடக்கிற ஜனங்களைப் பார்த்து நான் வாய் பிளந்து நின்ற கதையை வேறு சமயத்தில் சொல்கிறேன்.

அந்தப் பனியின்மேல் ஓடுகிற மோட்டார் வண்டிக்கு ஸ்நோமொபைல் என்று பெயர். பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: மோட்டார் சைக்கிளுக்கும் யுத்த டாங்கிக்கும் பிறந்த குழந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு சறுக்குக் கட்டைகள். பின்னால் டாங்கிக்கு இருப்பது போல் சுழலும் ரப்பர் பட்டை. மேலே நீண்ட இருக்கை, கைப்பிடி. கைப்பிடியில் கட்டைவிரலால் அழுத்துகிற ஒரு விசை. அழுத்தினால் வண்டி பாயும். பெரியவர்களுடைய வண்டி 200 கிலோவுக்கு மேல் எடை. மணிக்கு 100 கிலோமீட்டரை அநாயாசமாகத் தாண்டும்.

மருமான் ஒருநாள் என்னைப் பின்னால் உட்கார்த்தி வைத்துக்கொண்டு வயல்வெளியில் ஒரு சுற்று அழைத்துப் போனான். பொய் சொல்வானேன்? எனக்குப் பிரமாதமாக இருந்தது. இந்த வயதில், இந்த மூட்டு வலியோடு, "இன்னொரு சுற்று போகலாமா?" என்று நானே கேட்டேன். ஆகையால் வேகத்தையும் பனியையும் இந்த வண்டியையும் வெறுக்கிற கிழவனின் புலம்பல் என்று இந்தக் கட்டுரையை யாரும் தள்ளிவிட வேண்டாம்.

என் சண்டை குழந்தைக்கென்று செய்கிற வண்டியோடு. அதிலும் அதைக் குழந்தைக்குச் 'சொந்தமாக' வாங்கிக் கொடுப்பதோடு.

பெரிய வண்டியை அப்படியே சுருக்கினாற்போல் குழந்தை வண்டி ஒன்று உண்டு. ஆர்க்டிக் காட் என்ற அமெரிக்கக் கம்பெனி 1972ஆம் வருஷமே 'கிட்டி காட்', அதாவது பூனைக்குட்டி, என்று கொஞ்சலாகப் பெயர் வைத்து ஒரு வண்டியைக் கொண்டுவந்தது. பின்னால் மற்றக் கம்பெனிகளும் சேர்ந்துகொண்டன. ஆறு, ஏழு வயதுக்கு '120' என்று ஒரு ரகம். அது சிறிசாகிப் போனால் '200' என்று அடுத்த ரகம். அதற்கு மேலே வாலிபர்களுக்கு. அதற்கு மேலே தகப்பனாருக்கு. தகப்பனார் வண்டிக்கு என்ன வர்ணமோ, என்ன கோடோ, அதே வர்ணமும் கோடும் பிள்ளை வண்டிக்கும். ஏணி ஒன்றைச் செய்து வைத்து, கீழ்ப் படியில் குழந்தையை ஏற்றி விட்டுவிட்டார்கள். ஏணியில் ஏறியவன் நடுவில் நிற்பானா?

'120' வண்டியின் எடை சுமார் 60 கிலோ. அதில் உட்காருகிற ஏழு வயதுப் பையன் 22, 23 கிலோ இருப்பான். நம் வீட்டில் அந்த வயதுப் பையன் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினால், "ஐயோ, விடுடா, இடுப்புப் பிடித்துக்கொள்ளும்" என்று பதறுகிறோம். தன்னைப்போல் மூன்று மடங்கு எடையுள்ள இரும்பை அவன் திருப்பி ஓட்ட வேண்டும். பனியின்மேல் வண்டியைத் திருப்ப வெறும் கைப்பிடி போதாது. உடம்பையே ஒரு பக்கம் சாய்த்துத் திருப்ப வேண்டும். சாய்ப்பதற்கு அவனிடம் உடம்பு எங்கே இருக்கிறது? கவிழ்ந்தால் அதைப் புரட்டித் தள்ளவும் அவனால் ஆகாது.

"வேகம் ரொம்பக் குறைச்சல் மாமா. மணிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டருக்கு மேல போகாது. உள்ளே கவர்னர் இருக்கு" என்றான் மருமான்.

கவர்னர் என்றதும் ராஜ்பவனை நினைத்துக்கொள்ள வேண்டாம். எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற சிறு கருவிக்கு அந்தப் பெயர். வாஸ்தவந்தான், தொழிற்சாலையிலிருந்து வரும்போது அந்த வண்டி சைக்கிள் வேகத்துக்கு மேல் போவதில்லை. ஆனால் மருமான் வாங்கியது பழைய வண்டி, இரண்டாயிரத்துச் சொச்சம் டாலர். முதல் வாரம் பையன் குதூகலமாக ஓட்டினான். இரண்டாம் வாரம், "அப்பா, இது ஸ்லோ" என்றான். மூன்றாம் வாரம் அண்டை வீட்டு நண்பர் ஒருவர் திருப்புளியோடு வந்தார். அரை மணி நேரத்தில் கவர்னர் பதவி இறங்கினார். அதற்குப் பிறகு என்ன வேகம் போயிற்று என்று யாரும் அளக்கவில்லை. வண்டி செய்தவன் வைத்த கடிவாளத்தை வண்டி வாங்கியவன் கழற்றிவிட்டான். இது அந்த வீட்டில் மட்டும் நடந்த அதிசயம் என்று எண்ணாதீர்கள். இந்தச் சின்ன வண்டிகளின் வேகத்தைக் கூட்டுவது அந்த நாடுகளில் ஒரு தனிப் பொழுதுபோக்காகவே இருக்கிறது. அதற்கென்றே உதிரிச் சாமான்கள் விற்கிறார்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

வண்டியோடு பையனுக்கு ஹெல்மெட் ஒன்றும் வாங்கியிருந்தார்கள். அதை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். தலையில் வைத்தால் உள்ளே இரண்டு விரல் போகிற மாதிரி இடம் இருந்தது.

"கொஞ்சம் பெரிசா இருக்கே அப்பா?" என்றேன்.

"வளர்ற பையன் மாமா. ரெண்டு சீசனுக்கு வரட்டுமேன்னு ஒரு சைஸ் கூடவே வாங்கினேன்" என்றான்.

மாயவரத்துத் தையற்கடை வாசல் சிம்கோ ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்துவிட்டது! அந்த நிமிஷம் நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அதற்கு இன்றுவரை வருத்தப்படுகிறேன்.

அந்த வண்டியில் உயிர் காக்கிற ஏற்பாடு ஒன்று உண்டு. எஞ்சின் பக்கத்தில் ஒரு மூடி. அதிலிருந்து ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையை ஓட்டுகிறவன் கோட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். அவன் விழுந்தால் கயிறு மூடியை இழுத்துவிடும், எஞ்சின் நின்றுவிடும். எளிய, நல்ல யோசனை. ஆனால் பையன் இப்படியும் அப்படியும் நெளிகிற போதெல்லாம் மூடி கழன்று வண்டி நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் தகப்பன் ஓடிப்போய்க் கயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்ப வேண்டியிருந்தது. ஒருநாள் சலித்துப்போய் அந்தக் கயிற்றைக் கைப்பிடியிலேயே சுற்றிக் கட்டிவிட்டான். தாலியைக் கழற்றி ஆணியில் மாட்டினாற்போல் என்று என் அக்கா இருந்தால் சொல்லியிருப்பாள்.

பிப்ரவரி மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். பையன் கொல்லையில் சுற்றிக்கொண்டிருந்தான். மருமான் டெலிபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஊரில் அக்காவுக்கு அனுப்புவதற்காக. நான் சமையலறை ஜன்னலருகே காப்பியோடு நின்றிருந்தேன். வண்டி ஒரு மேட்டில் ஏறி இறங்கிற்று. அந்தக் குலுக்கலில் பெரிய ஹெல்மெட் முன்பக்கம் சரிந்து பையனின் கண்ணை மூடிவிட்டது. அவனுக்குத் திகைப்பு. பயந்த குழந்தை என்ன செய்யும்? கையில் இருப்பதை இறுகப் பிடித்துக்கொள்ளும். அவன் கைப்பிடியை இறுகப் பிடித்தான். கட்டைவிரல் விசையின்மேல் இருந்தது. பிடி இறுக இறுக வண்டி பாய்ந்தது. வண்டி பாயப் பாயப் பிடி இறுகிற்று. "விடு! விடு!" என்று தகப்பன் கத்தினான். காது வரை ஹெல்மெட். காதுக்குள் எஞ்சின் இரைச்சல். யாருக்குக் கேட்கும்? விறகு அடுக்கி வைத்திருந்த கொட்டகையின் மூலையில் போய் வண்டி மோதிற்று. பையன் ஒரு பக்கம் தூக்கி எறியப்பட்டான். எஞ்சின் நிற்கவில்லை, கயிறுதான் கைப்பிடியில் கட்டியிருந்ததே! ரப்பர் பட்டை, குழந்தையின் காலுக்கு ஒரு முழ தூரத்தில், சுழன்றுகொண்டே இருந்தது.

தெய்வாதீனம். மணிக்கட்டு எலும்பில் விரிசல். நாலு வாரம் மாவுக்கட்டு. அவ்வளவோடு போயிற்று. அன்றிரவு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மருமானின் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

மறுநாளிலிருந்து எனக்கும் மருமானுக்கும் வாக்குவாதம். அவன் சொன்னவற்றை ஒளிக்காமல் சொல்கிறேன். அவன் முட்டாள் அல்ல. பிள்ளைமேல் உயிரையே வைத்திருப்பவன்.

"வீட்டுக்குள்ள உட்கார்ந்து நாள் பூரா டெலிபோனையும் டேப்லெட்டையும் பார்த்துக்கிட்டிருக்கறதைவிட வெளிக்காத்துல ஓட்டறது நல்லதில்லையா மாமா?" என்றான்.

நல்ல கேள்வி. ஆனால் வெளிக்காற்றுக்குப் பெட்ரோல் எதற்கு? அதே கொல்லையில் அந்தப் பையன் ஒரு பிளாஸ்டிக் சறுக்குப் பலகையை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறி, சறுக்கி இறங்கி, மறுபடி ஏறி, வேர்த்து விறுவிறுத்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஊரில் பனிச்சறுக்கு வளையம் இருக்கிறது. பனியில் நடக்கிற அகலப் பாதரட்சை இருக்கிறது. இவற்றிலெல்லாம் வேகம் அவன் காலிலிருந்து பிறக்கிறது. கால் ஓய்ந்தால் வேகமும் ஓய்கிறது. கட்டைவிரல் ஒன்றை மட்டும் அசைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது டேப்லெட்டிலும் நடக்கிறது; வண்டியிலும் நடக்கிறது.

"சின்ன வயசுலயே பழகினாத்தானே பின்னால நல்லா ஓட்டுவான்?" என்றான்.

"நீ சைக்கிள் எப்படிப் பழகினாய்?" என்று நான் கேட்டேன்.

அவன் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். மாயவரத்தில் எங்கள் தெருமுனையில் வாடகை சைக்கிள் கடை இருந்தது. இவன் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்துச் சைக்கிள் எடுப்பான். இருக்கைக்குக் கால் எட்டாது. பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் போடுவான். கடைக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஐந்து நிமிஷம் தாமதித்தால் திட்டு. பெடல் வளைந்திருந்தால் வீட்டுக்கு ஆள் வரும். "என் சொத்துடா அது!" என்று அவர் போடுகிற கூச்சலுக்குப் பயந்தே இவன் பள்ளம் பார்த்து, கல் பார்த்து, மாடு பார்த்து ஓட்டினான். இவனுக்கென்று சொந்தச் சைக்கிள் வந்தது பதினொன்றாவது வகுப்பில். அதற்குள் ஓட்டவும் தெரிந்திருந்தது. இரவல் பொருளைப் பழுதில்லாமல் திருப்பிக் கொடுக்கவும் தெரிந்திருந்தது. முதலில் பழக்கம், பிறகு பொறுப்பு, கடைசியில் சொந்தம். அந்த வரிசையில் வளர்ந்தவன், தன் பிள்ளைக்கு மட்டும் சொந்தத்தை முதலில் கொடுத்துவிட்டான். பொறுப்பு தானாக வரும் என்று நம்பினான். தையற்கடைச் சட்டை மாதிரி, வளர்ந்தால் சரியாகிவிடும் என்று!

இதில் எனக்கும் பங்கு உண்டு. என் பிள்ளைக்கு எட்டு வயதில் 22 அங்குல சைக்கிள் வாங்கிக் கொடுத்த புண்ணியவான் நான். அவன் மோவாயில் இருக்கிற தழும்பை இன்றைக்கும் அவன் சவரம் செய்துகொள்ளும்போது நான் பார்க்க நேர்கிறது.

பழக்கத்தைப் பற்றி விஷயம் தெரிந்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? கனடாவின் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியும் ஒரே குரலில் சொல்கின்றன: 16 வயது நிரம்பாதவர்கள் உல்லாசத்துக்காக ஸ்நோமொபைல் ஓட்டக் கூடாது, 6 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பின்னால் ஏற்றிச் செல்லவே கூடாது. குழந்தையின் தலை உடம்புக்குப் பெரிது, கழுத்துத் தசை சிறிது. தூரத்தையும் வேகத்தையும் கணக்கிடுகிற புத்தி இன்னும் பக்குவப்படவில்லை. அதைப் பணம் கொடுத்து எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடுகிறது. அந்த வண்டி பிறந்த கியூபெக் மாகாணத்தில் ஓட்டுவதற்கு 16 வயது ஆக வேண்டும். மருமான் இருக்கிற ஒண்டாரியோவில் 12 வயதானால் பயிற்சி பெற்று, லைசென்ஸ் வாங்கி, பொதுப் பனிப்பாதைகளில் ஓட்டலாம். சாலையைக் கடக்க வேண்டுமானால் 16. சொந்த நிலத்தில் ஓட்ட லைசென்ஸ் கேட்பதில்லை. "பாருங்க மாமா, சட்டமே தடுக்கலே" என்றான் மருமான். சட்டம் கொல்லைப்புறத்துக்குள் வந்து எட்டிப் பார்க்காததற்குக் காரணம், அங்கே தகப்பன் என்று ஒருவன் இருப்பான் என்ற நம்பிக்கைதான். நம் நாட்டில் அந்த நம்பிக்கையும் போய், 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள்: வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறை. பிள்ளை கையில் சாவியைக் கொடுப்பவன் யார் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கடைசியில் மருமான் தன் மனத்தில் இருந்ததைச் சொன்னான். அதைக் கேட்டபோதுதான் எனக்குக் கோபம் தணிந்து வேறு ஏதோ ஒன்று நெஞ்சை அடைத்தது.

"அவன் கிளாஸ்ல ஆறு பேர்கிட்ட இருக்கு மாமா. திங்கட்கிழமை போனா அதைப் பத்தித்தான் பேசிக்கறாங்க. இவன் மட்டும் ஓரமா நிக்கறான். நான் இந்த ஊருக்கு வந்து பத்து வருஷம் ஓரமாத்தான் நின்னேன். அவனும் நிக்கணுமா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? அந்த ஊர்ப் பிள்ளையாக அவன் வளர வேண்டும் என்று ஒரு தகப்பன் விரும்புவதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் அந்த ஊர்ப் பிள்ளை என்றால் என்ன? வடக்கே நுனாவுட்டில் இனூயிட் மக்கள் இருக்கிறார்கள். 1960களில் நாய் பூட்டிய சறுக்கு வண்டியின் இடத்தை அங்கே ஸ்நோமொபைல் பிடித்தது. வேட்டைக்கும் விறகுக்கும் மீனுக்கும் அதுதான் வாகனம். அங்கே போய் யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. நம் ஊரில் மாட்டு வண்டி எப்படியோ, அங்கே அது அப்படி. அந்தக் குழந்தைகள் கமுத்திக் என்கிற இழுவைப் பலகையில், பெரியவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து போகிறார்கள். பெரியவர் இறங்கிக் கூரிய தடியால் பனிக்கட்டியைக் குத்திப் பார்க்கிறார். எது தாங்கும், எது தாங்காது என்று கண்டுகொள்கிறார். குழந்தை அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதுதான் அந்த மண்ணின் படிப்பு. வண்டி ஓட்டுவது அந்தப் படிப்பின் கடைசிப் பாடம். தெற்கே நாம் அந்தப் பாடங்களையெல்லாம் கிழித்துவிட்டுக் கடைசிப் பக்கத்தை மட்டும் காசு கொடுத்து வாங்குகிறோம்.

இந்த வண்டியின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். கியூபெக்கில் வால்கூர் என்ற சிற்றூரில் 1907இல் பிறந்தவர் ஜோசப் ஆர்மான் பொம்பார்டியே. சிறு வயதிலேயே கடிகாரத்தையும் எஞ்சினையும் பிரித்துப் பூட்டுகிற கிறுக்கு. தகப்பனார் ஒரு பழைய ஃபோர்டு காரைக் கொடுத்தார். அதன் எஞ்சினை எடுத்து, மரச் சறுக்குக் கட்டைகளின்மேல் வைத்து, பின்னால் ஆகாய விமான விசிறி ஒன்றைப் பூட்டி, 1922ஆம் வருஷத்தின் கடைசி நாளில், பதினைந்து வயதுப் பையன், தன் சகோதரனோடு ஊர்த் தெருவில் ஓட்டிக்கொண்டு போனான். ஊரே வேடிக்கை பார்த்தது. தகப்பனார் பார்த்தார், திறந்து சுழல்கிற அந்த விசிறியைப் பார்த்தார். "பிரித்துப் போடு" என்று உத்தரவிட்டார். பையன் பிரித்துப் போட்டான்.

கதை அங்கே முடியவில்லை. பொம்பார்டியே வளர்ந்து, பட்டறை வைத்து, கல்யாணம் செய்துகொண்டு, குழந்தை பெற்றார். 1934ஆம் வருஷக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் நோய் கண்டது. ஆஸ்பத்திரி ஷெர்புரூக் நகரத்தில், 50 கிலோமீட்டர் தூரம். சாலையெல்லாம் பனி மூடிக் கிடந்தது. அவர் செய்துகொண்டிருந்த பனிவண்டி பட்டறையில் அரைகுறையாக நின்றது. குழந்தை இறந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் ஓயவில்லை. 1937இல் பல் சக்கரமும் ரப்பர் பட்டையும் சேர்ந்த அமைப்புக்கு உரிமை பெற்று, ஏழு பேர் ஏறிச் செல்கிற வண்டியைக் கொண்டுவந்தார். அவருடைய வண்டிகள் பனி மூடிய கிராமங்களில் டாக்டர்களையும் தபாலையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் ஏற்றிச் சென்றன. 'ஸ்கி-டூ' என்ற சிறிய வண்டி வந்தது 1959இல்தான்.

ஒரு குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாத தகப்பனின் துக்கம் அந்த வண்டியை உலகத்துக்குக் கொடுத்தது. அதே வண்டியை விளையாட்டுச் சாமானாக்கி, அதனாலேயே ஒரு குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்படி செய்துகொண்டான் என் மருமான். இதற்கு மேல் நான் என்ன சொல்வது?

வளர்கிற பிள்ளை என்று சொல்லி வாங்குகிறார்களே, பிள்ளை வளர்வது நிஜந்தான். இரண்டு குளிர்காலத்தில் '120' சிறிசாகிவிடும். உடனே '200'. வருஷத்தில் மூன்று மாதம் ஓடுகிற வண்டி; அந்த மூன்று மாதமும் இப்போது நிச்சயமில்லை. 2023-24 குளிர்காலம் கனடாவின் பதிவேடுகளிலேயே மிகவும் வெப்பமானது. ஏரி உறைந்தது போல் தோன்றும், உறைந்திருக்காது. ஸ்நோமொபைலைத் தாங்க 25 சென்டிமீட்டர் கனமான பனிக்கட்டி வேண்டும் என்று அங்கே செஞ்சிலுவைச் சங்கத்தார் சொல்லிக் கொடுக்கிறார்கள். சொந்த வண்டி வைத்திருக்கிற ஏழு வயதுப் பையன் கொல்லை வேலியைத் தாண்டி ஏரியைப் பார்க்கிற நாளில், அளவுகோலையா எடுத்துக்கொண்டு போவான்?

நான் ஊருக்குத் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்னால் பையன் மாவுக்கட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கட்டின்மேல் பள்ளித் தோழர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஓரமாக நின்ற பையனுக்கு அந்தக் கட்டு ஒரு பதக்கமாகிவிட்டது.

"தாத்தா, கை சரியானப்புறம் அப்பா பெரிசு வாங்கித் தரப் போறார்" என்றான்.

"யார் சொன்னது?"

"அப்பாதான். இது ரொம்ப லைட்டா இருக்கறதாலதான் தூக்கி அடிச்சுடுத்தாம். பெரிசுன்னா ஸ்டெடியா இருக்குமாம்."

இந்தக் கட்டுரைக்கு அதுதான் காரணம். விழுந்ததற்காக நான் எழுதவில்லை. குழந்தை என்றால் விழத்தான் விழும். விழுந்த பிறகும் ஏணியில் அடுத்த படியைப் பார்க்கிறார்களே, அதற்காக எழுதுகிறேன்.

என் மருமானுக்கு ஒரு வார்த்தை. இதை நீ படிப்பாய், கோபித்துக்கொள்வாய். கோபித்துக்கொள். ஆனால் அந்த வண்டியை '200'க்கு மாற்றாதே. இன்னொருவன் பிள்ளைக்கு விற்கவும் விற்காதே. கவர்னர் இல்லாத வண்டியை விற்பது பாவத்தை விற்பது. கொட்டகையிலேயே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நீயும் பையனும் திருப்புளியும் ஸ்பானரும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பெட்ரோலை வடித்துவிட்டு, எஞ்சினைக் கழற்றிப் பிரித்துப் போடுங்கள். பிஸ்டன் எது, கிளட்ச் எது, அந்தக் கயிறு இழுத்தால் எஞ்சின் ஏன் நிற்கிறது என்று அவன் கையாலேயே தொட்டுப் பார்க்கட்டும். ஏரிக்குப் போகும்போது பனிக்கட்டியை நீ துளைத்து அளக்கையில் அளவுகோலை அவன் பிடிக்கட்டும். தலைக்கு அளவான ஹெல்மெட் வாங்கிப் போட்டு, உன் பின்னால் உட்கார்த்தி, மெதுவாக ஒரு சுற்று அழைத்துப் போ. பன்னிரண்டு வயதில் பயிற்சிக்கு அனுப்பு. பதினாறில் அவன் கேட்டால், அப்போது பார்க்கலாம். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில், "நானும் எங்கப்பாவும் எஞ்சினைப் பிரிச்சோம்" என்று அவன் சொன்னால், அந்த ஆறு பேரும் திரும்பிப் பார்க்க மாட்டார்களா?

நூறு வருஷத்துக்கு முன்னால் வால்கூர் ஊரில் ஒரு தகப்பனார் தம் பிள்ளையின் வண்டியைப் பார்த்துச் சொன்ன வார்த்தையைத்தான் நானும் சொல்கிறேன்: பிரித்துப் போடு. அந்தப் பிள்ளை அதனால் கெட்டுப் போய்விடவில்லை.